வாசகர் கேள்வி – பதில்: திரையில் வராத விமானங்கள்

கேள்வி: அமெரிக்காவில் டெக்ஸஸில் செஸ்னா 172 என்ற சிறு விமானம் ஓட்டப் பழகுகிறேன். ராஸ்பெர்ரி பை என்ற குட்டிக் கணினி வாங்கி, சுற்றிப் பறக்கும் விமானங்களைக் காட்டும் ஸ்ட்ராடக்ஸ் ரிசீவர் ஒன்றை நானே செய்து, ஐபேடோடு இணைத்திருக்கிறேன். போன வாரம் வலப்பக்கம் ஒரு விமானம் கண்ணுக்கு நன்றாகத் தெரிந்தது, திரையில் மட்டும் இல்லை. ரிசீவரில் கோளாறா?

பதில்: கோளாறாக இருக்க வாய்ப்பு குறைவு. அந்த விமானம் உங்கள் ரிசீவருக்குக் கேட்கிற மாதிரி எதையும் சொல்லியிருக்காது, அவ்வளவுதான்.

உங்கள் பெட்டி கேட்பது இரண்டு அலைவரிசைகளை: 1090 மெகாஹெர்ட்ஸ், 978 மெகாஹெர்ட்ஸ். ஏடிஎஸ்-பி அவுட் என்ற ஒலிபரப்புக் கருவி பொருத்திய விமானம் தன் இடத்தையும் உயரத்தையும் இவற்றில் ஒன்றில் தானாகவே சொல்லிக்கொண்டு போகும், அதை நீங்கள் நேரடியாகப் பிடிக்கலாம். 2020 ஜனவரியிலிருந்து அங்கே இது கட்டாயம் என்கிறார்கள், ஆனால் எல்லா வானத்திலும் இல்லை. பெரிய விமான நிலையங்களைச் சுற்றி, 10,000 அடிக்கு மேல் என்று சில பகுதிகளில்தான். வயல்வெளிக்கு மேலே தாழப் பறக்கும் பழைய விமானத்தில் அது இல்லாமலே இருக்கலாம். மின்சார அமைப்பே இல்லாமல் தயாரான பழைய பைப்பர் கப் விமானம், கிளைடர், பலூன் எல்லாவற்றுக்கும் விதிவிலக்கு உண்டு.

ரேடார் கேட்டால் பதில் சொல்லும் சாதாரண ட்ரான்ஸ்பாண்டர் கருவி மட்டும் உள்ள விமானத்தைத் தரை ரேடார் பார்க்கும். தரை நிலையங்கள் அந்தத் தகவலை டிஸ்-பி என்ற பெயரில் திருப்பி ஒலிபரப்பும். இதில்தான் வீட்டில் செய்த ரிசீவர் வைத்திருப்பவர்கள் பலர் ஏமாறுகிறார்கள். அந்த ஒலிபரப்பு எல்லோருக்குமானது இல்லை. ஏடிஎஸ்-பி அவுட் உள்ள ஒரு விமானத்தை நடுவில் வைத்து, 15 கடல் மைல் ஆரத்துக்குள், அதன் உயரத்திலிருந்து மேலும் கீழும் 3,500 அடிக்குள் இருப்பவற்றைப் பற்றி அந்த விமானத்துக்காகவே அனுப்புவார்கள். அந்த அவுட் கருவி, தன்னிடம் எந்த அலைவரிசை ரிசீவர் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். உங்கள் விமானத்தில் அவுட் இல்லையென்றால், பக்கத்தில் போகும் இன்னொருவருக்கு வரும் தகவலை நீங்கள் ஒட்டுக் கேட்கிறீர்கள். அவர் விலகிப் போனால் உங்கள் திரையிலிருந்த சில விமானங்களும் மறைந்துவிடும். விமானங்கள் அங்கேயேதான் இருக்கும்.

ட்ரான்ஸ்பாண்டரும் இல்லாத விமானம் திரையில் ஒருபோதும் வராது. அதனால் ஓடுதளத்தை நெருங்கும்போது ஐபேடை மடக்கி வைத்துவிட்டு வெளியே பாருங்கள் என்றுதான் நான் சொல்வேன். பயிற்சி மாணவருக்கு இதை இரண்டு தடவை சொல்வேன். திரை காலியாக இருக்கிறதே என்று கழுத்தைத் திருப்பாமல் இருப்பதுதான் இந்தப் பெட்டியால் வரக்கூடிய பெரிய ஆபத்து.

கேள்வி: மழை மேகப் படத்தில் 'சில நிமிடம் முன்பு' என்று வருகிறது. இரண்டு மேகத்துக்கு நடுவே இடைவெளி தெரிந்தால் அதன் வழியே போகலாமா?

பதில்: கூடாது.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். 978-இல் தரை நிலையங்கள் அனுப்பும் ஃபிஸ்-பி என்ற வானிலை ஒலிபரப்புக்கு உங்கள் விமானத்தில் அவுட் தேவையில்லை, சந்தா கிடையாது, தரை நிலையம் ரேடியோவின் பார்வைக்குள் இருந்தால் போதும். தரையில் நிற்கும்போது ஒன்றும் வராமல், மேலே ஏறியபின் ஒவ்வொன்றாக வந்து நிரம்புவது அதனால்தான்.

இப்போது அந்த நிமிடக் கணக்கு. பல ரேடார்கள் வெவ்வேறு நேரத்தில் எடுத்ததை ஒட்டிச் சேர்த்துத்தான் அந்தப் படம் உருவாகிறது. திரையில் காட்டும் வயது, படம் ஒட்டி முடிந்த நேரத்திலிருந்து எண்ணுவது, மழையை ரேடார் பார்த்த நேரத்திலிருந்து இல்லை. 2012-இல் அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் இதைப் பற்றி விமானிகளுக்கு ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது: மோசமான நிலையில், திரை சொல்லும் வயதைவிட உண்மையான தகவல் 15 முதல் 20 நிமிடம் வரை கூடுதலாகப் பழையதாக இருக்கலாம். 40 நாட் (மணிக்கு 40 கடல் மைல்) வேகத்தில் நகரும் இடிமேகம் 15 நிமிடத்தில் 10 கடல் மைல் நகர்ந்துவிடும். நீங்கள் பார்க்கும் இடைவெளி அங்கே போய்ச் சேரும்போது மூடியிருக்கலாம். பலமான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளிப் போகச் சொல்கிறார்கள். அப்படிச் சுற்றிப் போகவும், புறப்படலாமா திரும்பலாமா என்று முன்கூட்டியே முடிவெடுக்கவும் இந்தப் படம் அருமையான உதவி. மேகங்களுக்கு நடுவே நுழைந்து போக உதவாது.

கேள்வி: பெட்டியை எங்கே வைப்பது? அடிக்கடி தானே நின்று மறுபடி தொடங்குகிறது. என் சொந்த விமானமே பக்கத்தில் பறப்பதாகவும் காட்டுகிறது!

பதில்: கடைசியிலிருந்து வருகிறேன். ஸ்ட்ராடக்ஸின் அமைப்புப் (செட்டிங்ஸ்) பக்கத்தில் உங்கள் விமானத்தின் மோட் எஸ் குறியீட்டை, அதாவது அந்த விமானத்துக்கே உரிய அடையாளக் குறியை, போடுங்கள், அந்த நிழல் விமானம் போய்விடும். வாடகை விமானமென்றால் ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும், நிறைய பேர் மறப்பது இதைத்தான்.

தானே நிற்பதற்கு முதல் சந்தேகம் மின்சாரம். பவர் பேங்க் நல்லதாக இருந்தும் மெல்லிய, நீளமான கேபிள் போட்டால் வோல்டேஜ் இறங்கிவிடும், ராஸ்பெர்ரி பைக்கு அது பிடிக்காது. குட்டையான, தடித்த கேபிள் வாங்குங்கள். அடுத்தது சூடு. முன் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் வைக்காதீர்கள், உள்ளே சிறு விசிறி இருந்தாலும் தாங்காது, அதோடு அந்த இடம் காந்தத் திசைகாட்டிக்கும் பக்கம். பின்பக்க ஜன்னலில் ஒட்டி, ஆன்டெனாக்கள் செங்குத்தாக நிற்கும்படி வையுங்கள். உலோக உடல் ஒரு பக்கத்தை மறைக்கத்தான் செய்யும்.

சாய்வு காட்டும் சென்சார் சேர்த்திருந்தால் பெட்டி அசையாமல் இறுகியிருக்க வேண்டும். மேகத்துக்குள் அதை நம்பிப் போகலாமா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். வேண்டவே வேண்டாம், அது சான்று பெற்ற கருவி இல்லை.

கேள்வி: தமிழ்நாட்டில் இதே பெட்டி வேலை செய்யுமா?

பதில்: பாதி செய்யும். 978 வானிலை ஒலிபரப்பு அமெரிக்க ஏற்பாடு, இங்கே அது இல்லை. 1090-இல் பேசும் பயணிகள் விமானங்களை மொட்டை மாடியிலிருந்தே பிடிக்கலாம், அதற்குத் தரை நிலையம் எதுவும் தேவையில்லை. ஐரோப்பாவில் கிளைடர்கள் ஃப்ளார்ம் என்ற வேறொரு முறையில் 868 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொள்வதால், அங்கே அதைக் கேட்கும் ஸ்ட்ராடக்ஸ் வகை தனியாக உண்டு. விமானத்துக்குள் எடுத்துப் போவதாக இருந்தால் பயிற்சிப் பள்ளியில் முதலில் அனுமதி கேட்டுவிடுங்கள்.