64 விநாடியில் நின்றுபோன மகள்

வணக்கம் சார். பாப்பா ஒரு வருடமாக 400 மீட்டர் ஓட்டத்தில் 64 விநாடிக்குக் கீழே வரவில்லை, பத்தாம் வகுப்பு வேறு, காசு கட்டி சென்னையில் ஒரு அகாடமியில் சேர்த்துவிடட்டுமா என்று கேட்டிருந்தீர்கள்.

அகாடமி அப்புறம். நீங்கள் அனுப்பிய கால அட்டவணையைப் படித்தபோது எனக்கே கொட்டாவி வந்தது. காலை நாலரைக்கு எழுந்து, இரவு பதினொன்றுக்குப் படுக்கிறாள். இந்த வயதில் 8 முதல் 10 மணி நேரம் தூங்க வேண்டும். அவள் தூங்குவது ஐந்தரை. பயிற்சி தினமும் 3 மணி நேரம், ஞாயிறும் சேர்த்து வாரம் 21. வயது எத்தனையோ, வாரத்துக்கு அத்தனை மணி நேரத்துக்கு மேல் போகக் கூடாது என்பது விளையாட்டு மருத்துவத்தில் சொல்லும் கணக்கு. அவளுக்கு 15. ஆக, முதல் வேலை குறைப்பதுதான். ஞாயிறு முழு ஓய்வு, இரண்டு நாள் காலைப் பயிற்சி வேண்டாம்.

அடுத்து, மாவட்டப் போட்டி வீடியோ. 200 மீட்டரில் நிறுத்திப் பார்த்தேன்: 29 விநாடி. மீதி 200-க்கு 35. பிள்ளைக்கு வேகம் இருக்கிறது, பங்கு போடத்தான் தெரியவில்லை. முதல் பாதியை 30.5-இல் ஓடப் பழக வேண்டும். 50 மீட்டருக்கு ஒரு கோன் வைத்து, 7.6 விநாடிக்கு ஒருமுறை விசில் ஊதினால் கால் தானே கற்றுக்கொள்ளும். நான் பயிற்சியாளர் இல்லை. மாஸ்டரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஆனால் மூன்று மாதத்துக்கு இந்த ஒன்று போதும்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். பயிற்சி முடிந்ததும் எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று பத்துக்கு மதிப்பெண் போட்டு, நிமிடத்தோடு பெருக்கி எழுதட்டும். 90 நிமிடம், கஷ்டம் 6 என்றால் 540. வாரக் கூட்டல் திடீரென்று எகிறினால் மாஸ்டரிடம் காட்டட்டும், முழங்காலுக்குக் கீழே வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஓட்டத்துக்கு முன் மனதில் என்ன ஓடியது என்றும் ஒரு வரி. எழுதுவது அவள்தான், நீங்கள் இல்லை. மாதவிடாய் தேதியையும் குறிக்கச் சொல்லும்படி அம்மாவிடம் சொல்லுங்கள். மூன்று மாதம் வராமல் போனால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும்.

இனி அகாடமி. தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதிகளில் 11-ஆம் வகுப்பில் சேர இடம் உண்டு. தேர்வுப் போட்டி வைத்துத்தான் எடுப்பார்கள். கடன் வாங்குவதற்கு முன் அதை முயன்று பாருங்கள். வேலை பற்றிய பயம் நியாயம்தான். அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது, பொறியியல் கலந்தாய்விலும் 500 இடங்கள். இரண்டிலுமே எந்த மட்டத்தில் ஆடினாள் என்பதைச் சான்றிதழை வைத்துத்தான் பார்ப்பார்கள். அதனால் அசல் சான்றிதழ்களை ஒரு ஃபைலில் போட்டு வையுங்கள். தயவுசெய்து லேமினேட் மட்டும் செய்துவிடாதீர்கள்.