வீட்டை அடகு வைக்கிறதுக்கு முன்னாடி பொண்ணோட நோட்டைத் திறந்து பாருங்க

போன சனிக்கிழமை ஒரு அப்பா அம்மா பொண்ணைக் கூட்டிட்டு, அடுத்து என்ன படிக்க வைக்கிறதுன்னு என்கிட்ட ஆலோசனை கேக்க வந்திருந்தாங்க. ரெண்டாவது தடவையும் மெடிக்கலுக்கு மார்க் பத்தல. பெரியப்பா தினமும் போன் பண்ணி "பணம் கட்டினா சீட் தர்ற காலேஜ் இருக்கு, வீட்டு மேல லோன் போடு, குடும்பத்துல ஒரு டாக்டர் வேணாமா"ன்னு கேக்குறாராம். அம்மா பேச ஆரம்பிச்சதுமே கண்ணு கலங்கிடுச்சு. அப்பா ஒண்ணுமே பேசல. பொண்ணு நகத்தைக் கடிச்சுக்கிட்டு ஜன்னலையே பாத்துட்டு இருந்தா.

கவலைப்படாதீங்கம்மான்னு நானும் ரெண்டு வார்த்தை சொன்னேன். ஆனா லோன் எவ்ளோன்னு கேட்டதுக்கப்புறம் அப்படி ஆறுதல் சொல்லிட்டு இருக்க மனசு வரல. நேர்ல பாதிதான் பேச முடிஞ்சது, மீதிய அவங்க சம்மதத்தோட இங்க எழுதுறேன், இதே நிலைமையில இருக்கிறவங்களும் படிங்க.

சார், முதல்ல கணக்கு. நீங்க ரிட்டயர் ஆகப்போற வருஷத்துக்கு அப்புறமும் அந்த லோனுக்கு தவணை ஓடும். பொண்ணு படிப்பு முடிச்சு, லைசென்ஸ் பரீட்சை எழுதி, அதுக்கு மேல ஸ்பெஷாலிட்டி படிச்சு கையில காசு பாக்குற வரைக்கும் அந்த பாரம் மொத்தமும் உங்க ரெண்டு பேர் தலையிலதான். பெரியப்பா அந்த லோன் பேப்பர்ல கையெழுத்து போடுவாரா? போடமாட்டார்னா இந்த விஷயத்துல அவருக்கு ஓட்டு கிடையாது. இதை நான் மரியாதையோடதான் சொல்றேன், ஆனா மாத்திச் சொல்லமாட்டேன்.

ரெண்டாவது, உங்க பொண்ணு. அவகிட்ட நான் கேட்டது ஒரே கேள்விதான், யாரும் சொல்லாம நீயா உக்காந்து செஞ்ச வேலை ஏதாவது இருக்காம்மான்னு. கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு பையிலேர்ந்து ஒரு நோட்டை எடுத்தா. சொந்தக்காரங்க வீட்டு விசேஷத்துல சாப்பிட்ட 23 பேர்ல 11 பேருக்கு வாந்தி. எல்லாரும் கோழிக்கறியைத்தான் சொல்லிட்டு இருந்திருக்காங்க. இவ மட்டும் ஒவ்வொருத்தருக்கா போன் பண்ணி என்ன சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு சாப்பிட்டீங்க, எத்தனை மணிக்கு வாந்தி வந்துச்சு, காய்ச்சல் இருந்துச்சான்னு கேட்டு, கட்டம் போட்டு எழுதி வச்சிருக்கா. வாந்தி எடுத்தவங்கள்ல ரெண்டு பேர் கோழிக்கறியத் தொடவே இல்ல. பால்ல செஞ்ச இனிப்பு சாப்பிட்டவங்க 14 பேர், அதுல 11 பேருக்கு வாந்தி. அதைச் சாப்பிடாத 9 பேர்ல ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. முக்கால்வாசி பேருக்கு மூணு மணி நேரத்துக்குள்ள ஆரம்பிச்சிருக்கு, காய்ச்சல் இல்ல.

அம்மா, அந்த நோட்டை நீங்க ஏதோ விளையாட்டுன்னு நெனச்சீங்க. அது விளையாட்டு இல்லம்மா. உணவு நஞ்சாகி ஊரே படுத்துடுச்சுன்னா ஆராய்ச்சியாளர்கள் முதல்ல போடுறதே இந்தக் கட்டத்தைத்தான். 2011ல ஜெர்மனியில இ.கோலைங்கிற குடல் கிருமியில ஒரு வகை பரவி 3,800 பேருக்கு மேல நோயாளி ஆனாங்க, 50 பேருக்கு மேல இறந்துட்டாங்க, முதல்ல வெள்ளரிக்காய்தான் காரணம்னு பழி போட்டு விவசாயிங்க பொழப்பே போச்சு, அப்புறம் ஒரே ரெஸ்டாரண்ட்ல சாப்பிட்ட குழுக்களை எடுத்து யார் எந்த டிஷ் ஆர்டர் பண்ணாங்க, சமையல்காரர் அதுக்குள்ள என்னென்ன போட்டார்னு கேட்டு கட்டம் போட்டாங்க, முளைகட்டின பயிர்ல வந்து நின்னுச்சு. கடைசியில வெந்தய விதை வரைக்கும் போய்ப் பிடிச்சாங்க. உங்க பொண்ணு யாரும் சொல்லித்தராம அதே வழியில யோசிச்சிருக்கா.

இன்னொண்ணும் அவகிட்ட சொன்னேன். மூணு மணி நேரத்துல வாந்தி, காய்ச்சல் இல்லைன்னா முதல்ல சந்தேகப்பட வேண்டியது ஸ்டெஃபைலோகாக்கஸ்ங்கிற கிருமி சாப்பாட்டுல விட்டுட்டுப் போற நச்சை. திரும்ப சூடு பண்ணா கிருமி செத்துடும், நச்சு சாகாது. இதைக் கேட்டதும் அந்தப் பொண்ணு நகம் கடிக்கிறத நிறுத்திட்டு "அப்போ சுட வச்சதுல பிரயோஜனமே இல்லையா சார்?"னு முன்னாடி நகந்து உக்காந்தா பாருங்க, அந்த அரை மணி நேரத்துல அவ வாயைத் திறந்து கேட்ட முதல் கேள்வி அதுதான்.

அதனால இன்ஜினியரிங், ஐடி, அக்கவுண்ட்ஸ் பத்தி எல்லாம் நான் இங்க எழுதப்போறதில்ல, அதுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க. உணவுப் பாதுகாப்பு ஆராய்ச்சின்னு ஒரு துறை இருக்கு, அதைப் பத்தி யாரும் உங்ககிட்ட சொல்லியிருக்க மாட்டாங்க. உலக சுகாதார நிறுவனம் 2015ல போட்ட கணக்குப்படி வருஷத்துக்கு 60 கோடி பேர் கெட்ட உணவால நோயாளி ஆகுறாங்க, 4 லட்சத்து 20 ஆயிரம் பேர் சாகுறாங்க, அதுல 1 லட்சத்து 25 ஆயிரம் பேர் அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள குழந்தைங்க. உயிரைக் காப்பாத்துற வேலை டாக்டர் மட்டும்தான் பண்றார்னு பெரியப்பா சொன்னா இந்த நம்பரைக் காட்டுங்க.

வேலை எப்படி இருக்கும்னா, ஒரு பக்கம் கிருமி. சால்மொனெல்லாங்கிற கிருமி இருக்கான்னு பாக்க 25 கிராம் சாம்பிள் எடுத்து, கிருமிக்குச் சத்து குடுக்குற பெப்டோன் தண்ணி 225 மில்லியில போட்டு, 37 டிகிரியில ராத்திரி முழுக்க வச்சு, சோர்ந்து கிடக்கிற கிருமியைத் தேத்தி எடுக்கணும். அப்புறம் மத்த கிருமிய அடக்குற வேற திரவம், அப்புறம் கிருமி வளக்குற சிவப்பு அகார் தட்டு, மறுநாள் மூடியைத் திறந்தா நடுவுல கறுப்புப் புள்ளி வச்ச காலனிங்க, அதாவது கிருமிக் கூட்டங்க. அதுவும் சந்தேகம்தான், உறுதிப்படுத்த இன்னும் ரெண்டு மூணு நாள். கிருமியோட டிஎன்ஏவைத் தேடுற பிசிஆர் டெஸ்ட்ல சீக்கிரம் தெரிஞ்சுடும், ஆனா செத்த கிருமியோட டிஎன்ஏவையும் அது காட்டலாம், அதை எப்படிப் பிரிக்கிறதுன்னே தனியா ஆராய்ச்சி நடக்குது. லிஸ்டீரியான்னு ஒரு கிருமி ஃப்ரிட்ஜ்லயே வளரும். 2017-18ல தென்னாப்பிரிக்காவுல அது பரவி 1,000 பேருக்கு மேல பாதிப்பு, 200 பேருக்கு மேல சாவு. நோயாளிங்ககிட்ட எடுத்த கிருமியையும் இறைச்சி ஃபேக்டரியில எடுத்த கிருமியையும் முழு ஜீனோம் சீக்வென்சிங் பண்ணி, அதாவது டிஎன்ஏவை முழுசா படிச்சு, ரெண்டும் ஒண்ணுன்னு பொருத்திக் காட்டினாங்க. கம்ப்யூட்டர் பிடிக்கிற பிள்ளைங்களுக்கும் இந்தத் துறையில இடம் இருக்கு, இந்த மாதிரி டிஎன்ஏ தகவலைக் கம்ப்யூட்டர்ல அலசுற வேலைக்கு பயோ இன்ஃபர்மேட்டிக்ஸ்னு பேரு, கேட்டுப் பாருங்க.

இன்னொரு பக்கம் நச்சு. 1960ல இங்கிலாந்துல ஒரு லட்சம் வான்கோழி செத்துப்போச்சு, ஏதோ புது நோய்னு நெனச்சாங்க, கடைசியில தீவனத்துல இருந்த கடலைப் பிண்ணாக்குல பூஞ்சை. அதுதான் அஃப்லாடாக்சின், கல்லீரல் கேன்சருக்குக் காரணம். புறஊதா வெளிச்சத்துல நீலமா மின்னினா பி, பச்சையா மின்னினா ஜி, பேரே அப்படித்தான் வச்சாங்க. இதை அளக்குறது பிபிபி கணக்குல, அதாவது நூறு கோடியில ஒரு பங்கு, கிட்டத்தட்ட 32 வருஷத்துல ஒரு செகண்ட் மாதிரி. ஒரு மூட்டையில நாலஞ்சு பருப்புல மட்டும் நச்சு ஏகத்துக்கு இருக்கும், மத்ததெல்லாம் சுத்தம், அதனால சாம்பிள் எங்கேர்ந்து எப்படி எடுக்கிறோம்ங்கிறதுலயே பாதி உண்மை அடங்கியிருக்கு. கெமிஸ்ட்ரியும் புள்ளியியலும் பிடிச்ச பிள்ளைங்களுக்கு இது தங்கம்.

படிப்புன்னா மைக்ரோபயாலஜி, கெமிஸ்ட்ரி, ஃபுட் டெக்னாலஜி, கால்நடை மருத்துவம், எது வழியாவும் உள்ள வரலாம். ஆனா ஒரு விஷயத்துல நான் கறாரா இருப்பேன். பேர்ல ஃபுட் சேஃப்டின்னு போட்டு ஃபீஸை ஏத்தி வச்ச கோர்ஸுல கண்ணை மூடிட்டு சேக்காதீங்க. லேபைக் காட்டச் சொல்லுங்க. நச்சை அளக்குற எல்சி-எம்எஸ் மெஷின் கண்ணாடிக்குப் பின்னாடி துணி போட்டு மூடியிருக்கா, இல்ல பிள்ளைங்க கை வைக்குதா? இறுதி வருஷ மாணவி ஒருத்தியைத் தனியா நிறுத்தி, நீ கடைசியா அகார் தட்டு ஊத்தினது எப்போம்மான்னு கேளுங்க. முழிச்சான்னா திரும்பி வந்துடுங்க. சொத்தை வித்து பிஎச்டியும் வேண்டாம், ஃபெல்லோஷிப் கிடைச்சா பண்ணட்டும், இல்லைன்னா மாஸ்டர்ஸோட டெஸ்டிங் லேப்ல ரெண்டு வருஷம் வேலை பாத்துட்டு போகட்டும்.

கஷ்டத்தையும் சொல்லிடுறேன், மறைச்சா தப்பு. ஆரம்ப சம்பளம் டாக்டர் சம்பளத்துக்குப் பக்கத்துல வராது. சாம்பிள் நாத்தம் இருக்கும், கிருமியை நீராவியில கொல்ற ஆட்டோகிளேவ் மெஷினோட வாசனை வீட்டு வரைக்கும் கூட வரும், ஒரே டெஸ்டை முப்பது தடவை செய்யணும், சில இடத்துல வருஷா வருஷம் கான்ட்ராக்ட் புதுப்பிக்கணும். பொறுமை இல்லாத பிள்ளைக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். 23 பேருக்கு போன் பண்ண பிள்ளைக்கு சொல்லலாம்.

லோனுக்குக் கையெழுத்து போடாதீங்க சார், அதை மட்டும் நான் உறுதியா சொல்றேன். மத்ததை அவளே முடிவு பண்ணட்டும், ரெண்டு மாசம் ஒரு லேப்ல சும்மா போய் நின்னு பாத்துட்டு வரட்டும், பிடிக்கலைன்னா வேற பேசுவோம். வர்ற சனிக்கிழமை பெரியப்பாவையும் கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன். அவளை நோட்டையும் எடுத்துட்டு வரச் சொல்லுங்க. அந்த இனிப்பைச் சாப்பிட்டும் மூணு பேர் நல்லா இருந்தாங்கல்ல, அவங்க முதல் பந்தியா கடைசிப் பந்தியான்னு அவ கேட்டு எழுதியிருக்காளான்னு எனக்குப் பாக்கணும்.