வகுப்பெடுக்க வரும் வக்கீல்

அன்புள்ள ஐயா,

நான் வக்கீலாகப் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. சைதாப்பேட்டை நீதிமன்றங்களில் சீனியரோடு ஓடிக்கொண்டிருக்கிறேன். புதிய குற்றவியல் சட்டங்கள் வந்ததிலிருந்து சனிக்கிழமை ஆனால் எங்காவது பயிற்சி வகுப்பு. அழைப்பிதழில் பேச்சாளரின் பட்டம், விருது, எந்த நாட்டில் பேசினார் என்று பத்து வரி இருக்கிறது. போய் உட்கார்ந்தால் சட்டப்பிரிவை வாசித்துக் காட்டுகிறார்கள். யார் வகுப்புக்குப் போகலாம் என்று முன்கூட்டியே எப்படித் தெரிந்துகொள்வது?

பெயர் வேண்டாம், சென்னை

அன்புள்ள நண்பருக்கு,

அழைப்பிதழில் நான் தேடுவது ஒரு வரியைத்தான். இந்த விஷயத்தில் இவர் எந்த நீதிமன்றத்தில், யார் பக்கம், எத்தனை காலம் ஆஜரானார்? பெரும்பாலும் அந்த வரிதான் இருக்காது.

2024 ஜூலை 1 அன்று புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷிய அதினியம் அமலுக்கு வந்தது. அதன்பின் சில மாதம் கழித்து, மின்னணு ஆவணங்கள் பற்றிய ஒரு வகுப்புக்குப் போனேன். பேசியவர் நல்ல படிப்பாளி. பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவில் தொடங்கி, 2014இல் அன்வர் வழக்கு, 2020இல் அர்ஜுன் பண்டிட்ராவ் வழக்கு என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளை அழகாகக் கோத்துக்கொண்டு புதிய 63ஆம் பிரிவுக்கு வந்தார். அதுவரை சரி. அப்புறம் ஒரு ஜூனியர் பெண் எழுந்தார். "மளிகைக் கடை சிசிடிவி சார். கடைக்காரர் பென் டிரைவில் போட்டுக் கொடுத்துட்டார். ஹேஷ் மதிப்பை யார் எடுக்கணும், எப்போ எடுக்கணும்?" ஹேஷ் மதிப்பு என்பது கோப்பின் கைரேகை மாதிரி, கோப்பு மாறினால் அதுவும் மாறிவிடும். பேச்சாளர் மறுபடியும் பிரிவையே வாசித்தார்.

பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். முப்பது வருடமாக விசாரணை நீதிமன்றங்களில் குற்ற வழக்கு நடத்துபவர். பைக்குள்ளிருந்து அந்தப் புதிய சட்டத்தின் அட்டவணையில் உள்ள சான்றிதழ்ப் படிவத்தை எடுத்து விரித்தார், நாலாக மடித்து மடித்து ஓரம் கிழிந்திருந்தது. "பகுதி ஏ, சாதனத்தைக் கையில் வச்சிருக்கிறவர் நிரப்புறது. மாடல், நிறம், சீரியல் நம்பர் வரைக்கும் கேட்கும். பகுதி பி, நிபுணர் நிரப்புறது. ரெண்டிலேயும் ஹேஷ் மதிப்பு வரணும். ஆனா நீ முதல்ல கடைக்குப் போம்மா. டிவிஆர்ல, அந்தப் பதிவுப் பெட்டியில, பழைய பதிவு மேலேயே புதுசு ஏறிடும். அது போயிட்டா எந்தப் பகுதியை நிரப்பியும் என்ன பண்றது?"

ஐந்து நிமிடம்தான். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் பேனாவை எடுத்தார்கள்.

படிப்பாளிகள் வேண்டாம் என்று சொல்லவில்லை. அந்தத் தீர்ப்புகள் ஒன்றோடொன்று எங்கே முட்டின என்பதை அன்று அவரிடம்தான் நான் தெளிவாகத் தெரிந்துகொண்டேன். தலைப்புக்கும் ஆளுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும் என்கிறேன். குறுக்கு விசாரணை வகுப்பா? அரசு வழக்கறிஞராகவும் இருந்து, எதிர்த்தரப்பிலும் நின்றவர் கிடைத்தால் விடாதீர்கள். ஓய்வுபெற்ற நீதிபதியிடம், எந்தக் கேள்வியில் வக்கீல் தன் கேஸையே கெடுத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள், மேலே உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் அது தெரியும். சிவில் வழக்கு என்றால், தானே பிராது எழுதி, அது நீதிமன்ற அலுவலகச் செக்‌ஷனில் ரிட்டர்னாகி, திருத்தி மறுபடி தாக்கல் செய்தவர் வேண்டும்.

அனுபவத்தை அச்சிட்டால் விளம்பரமாகிவிடும், பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது என்று சில அமைப்பாளர்கள் தயங்குகிறார்கள். வழக்குப் பிடிப்பதற்காகச் செய்யும் விளம்பரத்துக்கு எதிரான விதி அது. விருதுப் பட்டியலுக்கு வராத தயக்கம், நடத்திய வழக்குகள் எந்த வகை என்று சொல்லும்போது மட்டும் ஏன் வருகிறது?

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் வழக்கறிஞர்கள் மூன்று வருடத்துக்கு 25 மணி நேரம் தொடர்கல்வி முடித்துக் காட்ட வேண்டும். நம்மிடம் அந்தக் கட்டாயம் இல்லை. வாரம் முழுக்க வாய்தாவுக்கு அலைந்துவிட்டு, வீட்டுக்கென்று இருக்கும் ஒரு சனிக்கிழமையை நீங்களாகக் கொடுக்கிறீர்கள். அதனால் போன் செய்து, "இவர் இந்த மாதிரி வழக்கு நடத்தியிருக்கிறாரா?" என்று கேட்கக் கூச்சப்படவே வேண்டாம்.

உங்கள் சங்கத்தில் அடுத்த வகுப்புக்கு ஆள் தேடினால் எழுதுங்கள். அந்தப் பின்வரிசைக்காரரின் நம்பரை அன்றே வாங்கி வைத்தேன். நானே அவரிடம் பேசுகிறேன்.