ராத்திரியிலும் சுடும் மாடி வீடு: ஏசி இல்லாமல் என்ன செய்யலாம்?

கேள்வி: வேலூர் சத்துவாச்சாரியில் முதல் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம், தலைக்கு மேலே மொட்டைமாடிதான். ராத்திரி பதினோரு மணிக்கும் ஃபேன் காற்று சுடுகிறது. எழுபது வயது மாமியாருக்குத் தூக்கமே இல்லை. ஏசி இப்போதைக்கு முடியாது. சின்னதாக என்ன மாற்றலாம்?

பதில்: உங்களைத் தூங்கவிடாதது கூரைதான் அம்மா. காங்கிரீட் தளம் பகல் முழுக்க வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, பொழுது சாய்ந்தபின் மெதுவாக அறைக்குள் இறக்குகிறது. மே மாதத்தில் இருட்டியபிறகு கோட்டைச் சுவரில் கை வைத்தால் கல் இன்னும் சுடும் பாருங்கள், அதேதான். ஃபேன் அந்தச் சூட்டைத்தான் கீழே தள்ளுகிறது.

அதனால் முதல் செலவு கூரைக்கு. வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, தளத்தைப் பெருக்கிக் கழுவிக் காயவிட்டு, நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்து, ஒட்டிப் பிடிக்கக் கொஞ்சம் ஃபெவிகால் கலந்து இரண்டு கோட் அடியுங்கள். கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வெள்ளைத் தளம் வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடும். மழையில் கரையும்தான், ஆண்டுக்கு ஒருமுறை மாசியிலோ பங்குனியிலோ திரும்ப அடிக்க வேண்டும். தளம் விரிந்து சுருங்கி விரிசல் விடுவதும் குறையும் என்று சொல்லிப் பாருங்கள், வீட்டுக்காரர் பாதிச் செலவை ஏற்றாலும் ஏற்பார். சாயங்காலம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவதை மட்டும் நான் சொல்லமாட்டேன். நம்ம ஊரில் கோடையில் தண்ணீருக்கு இருக்கிற பாட்டுக்கு அது கட்டாது.

அப்புறம் ஜன்னல். காலை ஒன்பது மணிக்குள் சாத்திவிடுங்கள், வெளியே தணிந்தபிறகு எல்லாவற்றையும் திறங்கள். அந்த நேரத்தில் டேபிள் ஃபேனை ஒரு ஜன்னலில் வெளிப்பக்கம் பார்த்து வைத்தால் உள்ளே தேங்கிய சூட்டை அது தள்ளிவிடும், எதிர் ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வரும் (கொசுவலை அடிக்காமல் இதை ஆரம்பிக்காதீர்கள்). மேற்கு ஜன்னலுக்கு உள்ளே திரை போடுவதைவிட வெளியே தட்டியோ பச்சை வலையோ கட்டுவது மேல், கண்ணாடியைத் தாண்டிவிட்ட வெயிலைத் திரை பெரிதாகத் தடுக்காது. சென்னை மாதிரி இங்கே காற்றில் அவ்வளவு ஈரம் இல்லை, அதனால் நனைத்த வெட்டிவேர்த் தட்டி, ஏர் கூலர் இரண்டுமே வேலூரில் நன்றாக வேலை செய்யும். ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்தால்தான் கூலருக்குப் பலன்.

பிஎல்டிசி ஃபேன் (குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது வகை ஃபேன்) சூட்டைக் குறைக்காது, கரண்ட் பில்லைக் குறைக்கும். பழைய 75 வாட் ஃபேனுக்குப் பதில் 30 வாட் ஃபேன் தினம் 16 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதத்தில் சுமார் 43 யூனிட் மிச்சம். அரசு தரும் இலவச யூனிட்டோடு சேர்த்துப் பார்த்தால் சின்னக் குடும்பத்துக்கு அது பெரிய தொகை.

மதியச் சமையலையும் காலை எட்டு மணிக்குள் முடித்துவிடுங்கள்.

மாமியாருக்கு ஃபோம் மெத்தை வேண்டாம், அது உடம்புச் சூட்டை விடாது, கோரைப்பாய் போதும். பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உடம்பு கொதித்து, பேச்சு குழறி, ஆள் அடையாளம் தடுமாறினால் 108-ஐக் கூப்பிடுங்கள், வண்டி வரும்வரை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டே ஃபேன் காற்றில் படுக்க வையுங்கள்.