பக்கெட் விலைக்கு மேலே லொறிக் கூலியா?

கேள்வி: பொகவந்தலாவைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் இருப்பது ஒரே ஒரு கடை. பால்மா பக்கெட்டில் அடித்திருக்கும் விலைக்கு மேலே 50 ரூபாய் எடுக்கிறார் முதலாளி. கேட்டால் லொறிக் கூலி என்கிறார். பில் கிடையாது, எல்லாம் கொப்பிக் கணக்கு. டவுனுக்குப் போனால் அங்கே முட்டை எல்லாக் கடையிலும் ஒரே விலை, பேசி வைத்த மாதிரி. முறைப்பாடு செய்தால் கடன் தரமாட்டார் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். என்ன செய்யலாம் ஐயா?

பதில்: லொறிக் கூலி முதலாளியின் பாடு, அம்மா. உச்ச சில்லறை விலை என்று பக்கெட்டில் அடித்த பிறகு ஒரு ரூபாய் கூட்டினாலும் குற்றம்தான். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் நுவரெலியாவுக்கு ஒன்று, கொழும்புக்கு ஒன்று என்று இல்லை. இதுவே வர்த்தமானியில் அரசாங்கம் உச்ச விலை குறித்த பொருளாக இருந்தால் தண்டனை இன்னும் கடுமை. 2021 திருத்தத்துக்குப் பிறகு தனி வியாபாரிக்கு ஒரு லட்சம் முதல் ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தக் காசு அரசாங்கத்துக்குத்தான் போகும், உங்கள் கைக்கு வராது. இதையும் தெரிந்துகொண்டே இறங்குங்கள்.

வீட்டிலுள்ளவர்களின் பயம் நியாயமானது. கடன் கொடு என்று எந்தச் சட்டமும் முதலாளியைக் கட்டாயப்படுத்தாது. நாளைக்கே கொப்பியை மூடிவிட்டு, பழைய பாக்கியைக் கட்டு என்று அவர் கேட்கலாம். ஆனால் காசோடு போய் நிற்கும் உங்களிடம், சாமானைக் கடையில் வைத்துக்கொண்டே “உனக்கு இல்லை” என்று சொல்ல அவரால் முடியாது. விற்க மறுப்பதும் அதே சட்டத்தில் குற்றம், சாமானே இல்லையென்று மறைப்பதும் குற்றம். அதனால் சம்பளம் கிடைத்த கையோடு பாக்கியைக் குறைத்துக்கொண்டு முறைப்பாட்டைத் தொடங்குவது புத்தி.

அப்புறம் பில். நீங்கள் கேட்டால் அவர் கொடுத்தே ஆகவேண்டும். திகதி, சாமான், அளவு, விலை எல்லாம் அதில் இருக்கவேண்டும். தரவில்லையா? அது தனி முறைப்பாடு. பக்கெட்டை வீசாதீர்கள், விலை தெரியப் படம் எடுங்கள். கொப்பியில் பால்மா என்று எழுதி விலை போட்டிருக்கிற பக்கத்தையும் எடுங்கள். அவர் கையாலேயே எழுதிய கணக்கு, இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா!

முட்டை விஷயத்தில் அவசரப்படவேண்டாம். எல்லாக் கடையிலும் ஒரே விலை என்பது மட்டும் குற்றமாகாது. ஒரே மொத்த வியாபாரியிடம் எடுத்தாலும் அப்படித்தான் வரும். தோட்டத்தில் ஒரே கடை இருப்பதும் குற்றமல்ல. பேசிவைத்துப் போட்டியை ஒழித்தால் அதிகாரசபை விசாரித்து, இப்படிப்பட்ட விஷயங்களில் முடிவு சொல்லும் பாவனையாளர் அலுவல்கள் பேரவைக்கு அனுப்பலாம். ஆனால் அது ஆதாரம் கேட்கும் நீண்ட பாதை. பால்மா வழக்கு கையிலேயே இருக்கிறது, அதைப் பிடியுங்கள்.

1977க்கு அழையுங்கள், இல்லாவிட்டால் மாவட்டச் செயலகத்திலுள்ள அதிகாரசபை அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதுங்கள். பெயரை வெளியிடவேண்டாம் என்றும் எழுதுங்கள். அதிகாரிகள் ஆள் அனுப்பிச் சாமான் வாங்கவைத்துப் பிடிப்பதுண்டு. அப்படிப் பிடித்தால் நீதவான் நீதிமன்றத்தில் அவர்கள்தான் வழக்குப் போடுவார்கள். அதற்காக நீங்கள் சட்டத்தரணி பிடிக்கத் தேவையில்லை.