குழாயைச் சுரண்டாமல் கணக்குச் சொல்லாதீர்கள்

வாசகர் கேள்வி – பதில். இந்த முறை: தண்ணீர்த் தொட்டி, குழாய், கழிவுநீர் நிலையங்களில் ஒட்டி வளரும் நுண்ணுயிர்ப் படலத்தை எப்படிப் பார்ப்பது, எப்படி அளப்பது. பதில் சொல்பவர் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்.

கேள்வி: மேல்தொட்டித் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுத்தோம். கோலிஃபார்ம் (கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் பாக்டீரியா) இல்லை, குடிக்கலாம் என்று ரிப்போர்ட் வந்தது. அதே வாரம் பிளம்பர் குழாயைக் கழற்றினார். எல்போவுக்குள் விரலை விட்டால் சளி மாதிரி வழவழவென்று இருக்கிறது. ரிப்போர்ட் பொய்யா? – இல்லத்தரசி, ஈரோடு

பதில்: பொய் இல்லை அம்மா. பாட்டிலில் போன தண்ணீருக்கு அந்த ரிப்போர்ட் சரிதான். ஆனால் பாட்டிலுக்குள் வந்து சேர்வது மிதந்து வருகிற கிருமிகள் மட்டும். குழாய்ச் சுவரில் குடியிருக்கும் கூட்டத்தை அது காட்டாது. பஸ் ஸ்டாண்டில் நிற்பவர்களை எண்ணி ஊர் ஜனத்தொகையைச் சொல்கிற மாதிரிதான் இது.

உங்கள் விரலில் பட்ட வழவழப்பு, பாக்டீரியா தானே சுரந்து தன்னைச் சுற்றிப் பூசிக்கொண்ட பசை. சர்க்கரைச் சங்கிலிகள், புரதம், கொஞ்சம் டி.என்.ஏ., மீதி பெரும்பாலும் தண்ணீர். குளோரின் உள்ளே போகும் வழியிலேயே இந்தப் படலத்தோடு வினைபுரிந்து தீர்ந்துவிடும். அமெரிக்காவின் மான்டானா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை நேரடியாகவே அளந்தார்கள். ஊசிமுனை போன்ற நுண்மின்முனையைப் படலத்துக்குள் இறக்கிப் பார்த்தபோது, வெளியே தண்ணீரில் இருந்த குளோரினில் ஐந்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவாகவோதான் உள்ளே இருந்தது. 1994-இல் வெளியான ஆய்வு அது. ஆகவே குழாயடியில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் இருக்கிறது என்பது நல்ல செய்திதான், சுவரில் இருப்பவை செத்துவிட்டன என்று மட்டும் அதற்கு அர்த்தம் இல்லை.

அடுத்த முறை கூடத்தில் 'ஸ்வாப்' எடுக்கச் சொல்லுங்கள். கிருமி நீக்கிய பஞ்சுக் குச்சியால் அளந்த பரப்பைத் துடைத்து எடுத்து, அதிலிருந்து வளர்த்து எண்ணுவார்கள். உடனே தெரிய வேண்டும் என்றால் ஏ.டி.பி. மீட்டர் இருக்கிறது. மின்மினிப் பூச்சியின் நொதியை வைத்து, உயிருள்ள செல்களில் இருக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறை வெளிச்சமாக்கி அளக்கும் கருவி. எவ்வளவு உயிர் இருக்கிறது என்று சில நொடியில் சொல்லும். யார் இருக்கிறார்கள் என்று சொல்லாது. பயப்படவும் வேண்டாம், படலம் இல்லாத தண்ணீர்க் குழாய் உலகத்தில் எங்கும் கிடையாது. தொட்டியைக் கழுவும்போது மட்டும் முதலில் பிரஷ்ஷால் தேய்த்து எடுத்துவிட்டு, அப்புறம் பிளீச்சிங் பவுடர் கரைசலை ஊற்றுங்கள். பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்.

கேள்வி: எம்.எஸ்சி. பிராஜெக்ட். தண்ணீர்த் தொட்டிப் படலத்தைப் பற்றிச் செய்கிறேன். கிரிஸ்டல் வயலட் சாயச் சோதனை மட்டும் போதும் என்கிறார் கைடு. படலத்தை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் மைக்ராஸ்கோப் கல்லூரியில் இல்லை. – மாணவி, திருச்சி

பதில்: ஆரம்பிக்க அது போதும், முடிவு சொல்லப் போதாது. 96 குழி பிளேட்டில் கிருமியை வளர்த்து, மிதப்பதைக் கொட்டிக் கழுவி, 0.1% சாயம் ஊற்றி, மறுபடி கழுவி, ஒட்டிய சாயத்தை 30% அசிட்டிக் அமிலத்தில் கரைத்து 550 நானோமீட்டரில் படிப்பீர்கள். மலிவு, வேகம், ஒரே நாளில் நிறைய மாதிரி. ஆனால் கழுவும் கை மாறினால் எண்ணும் மாறும், அதனால் கடைசி வரை ஒருவரே கழுவுங்கள். ஓரக் குழிகள் சீக்கிரம் காயும், அவற்றில் வெறும் தண்ணீரை நிரப்பி விட்டுவிடுங்கள். கிருமி போடாத ஊடகக் குழிகள் சில கட்டாயம் வேண்டும்.

பெரிய சிக்கல் வேறு. இந்தச் சாயம் உயிருள்ளது, செத்தது, பசை எல்லாவற்றிலும் ஒட்டும். குளோரின் ஊற்றிக் கொன்ற படலமும் அதே ஊதாவாக நிற்கும். கிருமிநாசினியைச் சோதிக்க இதை மட்டும் நம்பி எழுதிய ஆய்வேடுகளை நான் நிறையப் புரட்டியிருக்கிறேன், எரிச்சலாக இருக்கும்.

அதோடு குழிக்குள் தண்ணீர் ஓடுவதில்லை. குழாயில் ஓடுகிறது. வசதியுள்ள கூடங்களில், ஓடும் நீரில் படலத்தை வளர்க்கும் சி.டி.சி. ரியாக்டர் என்ற கருவியை வைத்திருப்பார்கள். 8 தண்டு, தண்டுக்குப் படலம் ஒட்டி வளர 3 வில்லை, நடுவில் சுழலும் துடுப்பு. நீங்கள் பி.வி.சி. குழாயைச் சின்னத் துண்டுகளாக வெட்டி, சுத்தம் செய்து, நைலான் நூலில் கோத்துத் தொட்டியின் வெளிவாய் அருகே தொங்கவிடுங்கள். வாரம் ஒரு முறை சிலவற்றை எடுத்து, மெதுவாக அலசி, சுரண்டி, கண்ணாடி மணிகளோடு குலுக்கிக் கட்டிகளை உடைத்து, நீர்க்கச் செய்து அகார் (கிருமி வளர்க்கும் கூழ்) தட்டில் பரப்புங்கள். கட்டி உடையாவிட்டால் நூறு கிருமி சேர்ந்து ஒரே காலனியாக எண்ணப்படும்.

பரப்புவதற்குச் சத்து அதிகமுள்ள நியூட்ரியன்ட் அகார் வேண்டாம். தண்ணீர்க் கிருமிகள் பட்டினிக்குப் பழகியவை. அவற்றுக்காகவே ரீசனரும் கெல்ட்ரைக்கும் 1985-இல் வெளியிட்ட ஆர்2ஏ அகார் இருக்கிறது. 20 முதல் 28 டிகிரிக்குள், 5 முதல் 7 நாள். 37 டிகிரியில் ஒரே நாளில் எண்ணுகிறவர்கள் பாதிக் கூட்டத்தைக்கூடப் பார்ப்பதில்லை. கான்ஃபோகலுக்குக் கவலைப்படாதீர்கள். பெரிய நிறுவனங்களின் கருவி மையங்களில் சாம்பிளுக்கு இவ்வளவு என்று கட்டினால் பார்த்துத் தருவார்கள். கடைசியில் இரண்டு மூன்று குழாய்த் துண்டுகளை மட்டும் பச்சை–சிவப்புச் சாயம் போட்டு அனுப்புங்கள். சவ்வு கிழியாத செல் பச்சை, கிழிந்தது சிவப்பு.

கேள்வி: அபார்ட்மென்ட் எஸ்.டி.பி.யைப் (கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம்) பார்த்துக்கொள்கிறேன். எம்.பி.பி.ஆர். தொட்டியில், படலம் ஒட்டி வளர்வதற்காகச் சின்னச் சக்கரம் போன்ற பிளாஸ்டிக் மீடியா மிதக்கிறது. படலம் கருப்பாகத் தடித்து வளர்ந்தால்தான் நல்லது என்கிறார் சர்வீஸ் ஆள். உண்மையா? – ஆபரேட்டர், சென்னை

பதில்: இல்லை. இந்த முறை 1980-களின் கடைசியில் நார்வேயில் பிறந்தது. அந்தச் சின்னச் சக்கரத்துக்குள் குறுக்குச் சுவர் வைத்ததே, வெளிப்பக்கம் ஒன்றோடொன்று உரசிச் சுத்தமானாலும் உள்பக்கம் படலம் பத்திரமாக வளரட்டும் என்றுதான். ஆனால் ஆக்சிஜன் படலத்துக்குள் ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்கு ஆழம் வரைதான் போகும். அதற்குக் கீழே தடிக்கத் தடிக்க வேலை செய்யாத சுமை. கருத்து, அழுகிய முட்டை நாற்றமும் அடித்தால் உள்ளே சல்ஃபைடு உருவாகிறது, காற்று போதவில்லை என்று அர்த்தம். மெல்லிய பழுப்புப் படலமே நல்லது.

மாதம் ஒரு முறை பத்து இருபது மீடியா எடுங்கள். 105 டிகிரியில் காயவைத்து எடை போடுங்கள். படலத்தை முழுக்கக் கழுவி எடுத்து, மறுபடி காயவைத்து எடை போடுங்கள். வித்தியாசம்தான் படலத்தின் காய்ந்த எடை. அந்த எண்ணை, படலம் குறைக்க வேண்டிய அமோனியாவின் ரிப்போர்ட்டுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள். எடை ஏறியும் அமோனியா இறங்கவில்லை என்றால் சர்வீஸ் ஆளிடம் அந்த நோட்டைக் காட்டுங்கள்.

கேள்வி: ஜீன் சீக்வென்சிங் வந்த பிறகு பழைய முறைகள் எதற்கு? – வாசகர், மதுரை

பதில்: செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் பட்டியலில் வந்து உட்காரும். யார் என்று சொல்லும், எந்த அடுக்கில் இருக்கிறார், என்ன செய்கிறார் என்று அது தனியாகச் சொல்லாது.

கேள்வி: பள்ளிப் பிள்ளைகளுக்குச் செலவில்லாமல் படலத்தைக் காட்ட முடியுமா? – ஆசிரியர், நாகர்கோவில்

பதில்: முடியும். அமெரிக்க நுண்ணுயிரியலாளர் ஆர்தர் ஹென்ரிசி 1933-இல் ஏரியில் செய்ததுதான். கண்ணாடி ஸ்லைடுகளை நீரில் தொங்கவிட்டு, ஒட்டியதை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நீர் பாக்டீரியாவில் பெரும்பாலானவை மிதப்பவை அல்ல, மூழ்கிய பரப்பில் வளர்பவை என்று அன்றே எழுதினார். நீங்கள் குளத்திலோ பள்ளித் தொட்டியிலோ ஒரு வாரம் தொங்கவிடுங்கள். எடுத்து மெதுவாக ஒரு முறை அலசி, ஈரம் காயும் முன் ஒரு சொட்டு மெத்திலீன் நீலம், மேலே கவர் ஸ்லிப், 400 மடங்கு. படலம் இரண்டு பக்கமும் ஒட்டியிருக்கும், அடிப்பக்கத்தை மட்டும் பஞ்சால் துடைத்துவிட்டு மேடையில் வையுங்கள், இல்லாவிட்டால் வெளிச்சம் மங்கும்.