சீட்டைத் தள்ளி எடுப்பதா, செயினை அடகு வைப்பதா?

கேள்வி: தென்காசி பக்கம் கிராமம். நான் வீட்டிலேயே தையல் வேலை பார்க்கிறேன், கணவர் லோடு வண்டி ஓட்டுகிறார். இரண்டு பேருக்கும் சேர்த்து மாதம் ₹28,000 வரும். 6-ஆம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியிலேயே படித்த மகளுக்குக் கவுன்சிலிங்கில் மதுரை அருகே ஒரு தனியார் கல்லூரியில் பி.எஸ்சி. நர்சிங் கிடைத்திருக்கிறது. வருடத்துக்கு டியூஷன் ஃபீஸ் ₹65,000, ஹாஸ்டல் ₹70,000. முதல் வருடம் சேர்க்கை, யூனிஃபார்ம் வகையில் ₹15,000, புத்தகம், சாமான்களுக்கு ₹10,000. சேரும் நாளில் ₹1,15,000 கட்டச் சொல்கிறார்கள், பாதி ஹாஸ்டல் ஃபீஸான ₹35,000 ஜனவரியில். கையில் இருப்பது ₹55,000. ₹1 லட்சம் ஏலச்சீட்டு ஒன்று 20 மாதத்துக்குக் கட்டுகிறேன், இது 10-ஆவது மாதம். இப்போதே தள்ளி எடுத்தால், அதாவது ஏலத்தில் தள்ளுபடி விட்டு முன்கூட்டி எடுத்தால், ₹82,000 வரும். 3 பவுன் செயினும் இருக்கிறது. எஜுகேஷன் லோன் என்று போனால் அலைய விடுவார்கள் என்று பயமுறுத்துகிறார்கள். எதைச் செய்வது? கல்லூரி கொடுத்த லிஸ்ட்டில் உள்ள சாமான்களை எல்லாம் இப்போதே வாங்க வேண்டுமா?

பதில்:

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன், அம்மா. முதல் தடவை படித்தபோது பணமே போதாதோ என்று தோன்றியது. இரண்டாம் தடவை தேதிகளைக் குறித்துக்கொண்டே படித்தேன். பணம் இருக்கிறது, வருகிற தேதிதான் ஒத்துவரவில்லை. கல்லூரிக்கு இந்த மாதமே வேண்டும், வங்கிக் கடன் கைக்கு வர வாரக்கணக்கில் ஆகும், சீட்டு முடிய இன்னும் 10 மாதம். சேரும் நாளுக்கான ₹1,15,000-இல் கையில் இருக்கும் ₹55,000 போக, நடுவில் இருக்கும் பள்ளம் சரியாக ₹60,000. அதை எதைப் போட்டு மூடுகிறீர்கள் என்பதில்தான் இலாப நஷ்டம்.

முதலில் சீட்டைப் பார்ப்போம். கடைசி வரை பொறுத்திருந்தால் நடத்துபவரின் கமிஷன் 5% போக உங்களுக்கு ₹95,000 வரும். இப்போது தள்ளினால் ₹82,000. அதாவது ₹82,000-ஐப் 10 மாதம் முன்கூட்டி வாங்க ₹13,000 விடுகிறீர்கள். வருடக் கணக்கில் இது 19% வட்டி. அதிலும் உங்களுக்கு வேண்டியது ₹60,000தான், மிச்சம் ₹22,000 கையில் இருந்தால் என்னென்ன செலவு முளைக்கும் என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீட்டைத் தொடாதீர்கள்.

செயினைப் பொதுத்துறை வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ வைத்தால் வட்டி 10% என்றே வைத்துக்கொள்வோம். ₹60,000-க்கு மாதம் ₹500. மூன்று மாதத்தில் மீட்டால் ₹1,500. எதுவுமே நடக்காமல், சீட்டு முடிகிற வரை செயின் வங்கியிலேயே கிடந்தாலும் ₹5,000. தள்ளி எடுப்பதில் போகும் ₹13,000-க்குப் பக்கத்தில் கூட வராது. ஒரே நிபந்தனை: தெருமுனை அடகுக்கடைக்குப் போகாதீர்கள். இரண்டு வட்டி என்றால் கேட்கச் சின்னதாகத்தான் இருக்கும், வருடத்துக்கு 24% அது. மாதம் ₹500 கட்ட வேண்டிய இடத்தில் ₹1,200 கட்டுவீர்கள்.

ஆனால் செயின் வெறும் பாலம்தான். நான்கு வருடத்தையும் நகையிலேயே ஓட்டிவிடலாம் என்று இறங்கியவர்கள் மூன்றாம் வருடத்தில் என்னிடம் வந்து நின்றிருக்கிறார்கள், காதிலும் கழுத்திலும் ஒன்றும் இல்லாமல். எஜுகேஷன் லோனுக்கு இந்த வாரமே போங்கள்.

உங்கள் கணக்கில் முதல் வருடம் ₹1,60,000. அடுத்த மூன்று வருடமும் புத்தகம், தேர்வுக் கட்டணம் சேர்த்து வருடம் ₹1,40,000 என்று பிடித்தால் மொத்தம் ₹5,80,000. இதை முழுசாகக் கேட்க வேண்டாம். ₹4 லட்சம் வரையிலான கல்விக் கடனுக்குச் சொத்து அடமானம் கிடையாது, நம் கையிலிருந்து ஒரு பங்கு போட வேண்டிய மார்ஜினும் கிடையாது. அம்மா அல்லது அப்பா கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்துப் போட்டால் போதும். அதைத் தாண்டினால் 5% மார்ஜின் வரும். ₹3,80,000 கேளுங்கள், வருடத்துக்கு ₹95,000. மிச்சம் ₹2,00,000 நம் பொறுப்பு: முதல் வருடம் ₹65,000, பிறகு வருடம் ₹45,000. முதல் வருடத்துக்கு உங்கள் சேமிப்பே ₹55,000 இருக்கிறது. இரண்டாம் வருட ஃபீஸ் கட்டும் நேரத்தில் சீட்டுப் பணம் ₹95,000 வந்துவிடும். மாதாமாதம் சீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ₹5,000-மும் அப்போது விடுதலை.

வங்கிக்குப் போகும் முன் கல்லூரி அலுவலகத்தில் இரண்டு காரியம் முடியுங்கள். ஒன்று, நான்கு வருடத்துக்கும் வருடவாரியாகக் கட்டணம் பிரித்து எழுதிய போனஃபைட் சான்றிதழ், அதாவது மகள் அங்கே படிக்கிறாள் என்பதற்கான சான்று. அதில் டியூஷன் ஃபீஸ் மட்டும் போட்டுக் கொடுப்பார்கள். ஹாஸ்டல், புத்தகம், யூனிஃபார்ம், உபகரணம் எல்லாம் தனித்தனி வரியாக வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இவை எல்லாவற்றுக்கும் கல்விக் கடனில் இடம் உண்டு, ஆனால் காகிதத்தில் இல்லாததற்கு மேனேஜர் பணம் தர மாட்டார். இரண்டாவது, கடன் அனுமதிக் கடிதம் வந்ததும் டியூஷன் ஃபீஸை வங்கி நேராகக் கல்லூரிக் கணக்கில் போடும், அதுவரை பாதி கட்டட்டுமா என்று கேளுங்கள். ஒத்துக்கொண்டால் செயினை வைக்கும் தொகையே பாதியாகக் குறைந்துவிடும்.

ஒத்துக்கொள்ளாவிட்டால் முழுசாகக் கட்டி ரசீது வாங்குங்கள். கட்டிய ஃபீஸைத் திருப்பித் தருவீர்களா என்று மேனேஜரிடம் விண்ணப்பிக்கும்போதே கேட்டுவிட வேண்டும். சில கிளைகளில் ரசீதைப் பார்த்துத் தருவார்கள், சில இடங்களில் இனி வரும் ஃபீஸுக்குத்தான் என்பார்கள். தந்தால் அந்த ₹65,000-இல் செயின் மீண்டுவிடும், கடனில் மிச்சம் ₹30,000 ஜனவரி ஹாஸ்டலுக்குப் போகும். தராவிட்டாலும் கவலை இல்லை, மேலே சொன்ன ₹5,000 கணக்குதான்.

மகளிர் குழுவில் கடன் வாங்கித் தவணை விட்டிருக்கிறீர்களா? இருந்தால் அதை முதலில் நேர் செய்யுங்கள். வங்கிக்காரர் பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்று காட்டும் உங்கள் சிபில் ரிப்போர்ட்டைத்தான் முதலில் திறப்பார். கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, மதிப்பெண் பட்டியல், தாசில்தாரின் வருமானச் சான்றிதழ் இவை கையோடு இருக்கட்டும். கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரமும் தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் உண்டா என்பதை வங்கியும் கேட்கும், நீங்களும் கேளுங்கள். கல்விக் கடனுக்கு விண்ணப்பிக்கும் வித்யாலட்சுமி இணையதளத்திலும் பதிந்து வையுங்கள். "லோன் இல்லை" என்று வாயால் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள். கல்விக் கடன் விண்ணப்பத்தை நிராகரிக்க மேலதிகாரியின் ஒப்புதல் வேண்டும் என்பது விதி. எழுதித் தரச் சொன்னதும் குரல் மாறிய கிளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வட்டி விஷயம் பெரும்பாலானவர்கள் கவனிக்காதது. படிப்புக் காலமும் அதன்பின் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்பது உண்மை. ஆனால் வட்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். 10% தனிவட்டி என்றால் முதல் வருடம் வாங்கிய ₹95,000 ஐந்து வருடத்தில் ₹47,500 வட்டி போட்டிருக்கும். நான்கு வருடத் தொகைக்கும் சேர்த்து ₹1,33,000. மகள் வேலைக்குப் போய் முதல் தவணை கட்டும்போது கடன் ₹3,80,000 அல்ல, ₹5,13,000.

இதற்கு உங்கள் வீட்டிலேயே மருந்து இருக்கிறது. மகள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளி என்பதால் தமிழக அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ₹1,000 அவள் வங்கிக் கணக்குக்கே வரும். கல்லூரி வழியாகத்தான் பதிய வேண்டும். சேர்ந்த முதல் வாரமே அலுவலகத்தில் கேட்கச் சொல்லுங்கள். முதல் வருடக் கடனுக்கு மாத வட்டி சுமார் ₹800. அந்த ஆயிரத்திலிருந்து அதைக் கட்டிவிட்டு ₹200-ஐ அவள் ரீசார்ஜுக்கு வைத்துக்கொள்ளட்டும். இரண்டாம் வருடம் வட்டி ₹1,600-ஐ நெருங்கும், அப்போது மேற்கொண்டு ₹600 நீங்கள் போட வேண்டியிருக்கும். படிக்கும்போதே வட்டியைக் கட்டி வருபவர்களுக்கு 1% வரை வட்டிச் சலுகை தரும் வங்கிகள் உண்டு, பெண் பிள்ளைகளுக்கு அரை சதவீதம் குறைப்பவையும் உண்டு. கேட்டால்தான் சொல்வார்கள்.

இன்னொன்று. குடும்ப வருமானம் வருடத்துக்கு ₹4.5 லட்சத்துக்குள் இருந்தால் படிப்புக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் மானியம் ஒன்று இருக்கிறது. உங்களுடையது ₹3,36,000, வருமானத்தில் தகுதி உண்டு. ஆனால் கல்லூரிக்கு அங்கீகாரம் இருக்க வேண்டும்: கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் நாக் அமைப்பின் சான்றோ, அது பொருந்தாத இடத்தில் நர்சிங் கவுன்சில் அங்கீகாரமோ. உங்கள் கல்லூரிக்கு எது செல்லும் என்று வங்கியிலேயே கேட்டுவிடுங்கள். இருக்கிறது என்றால் வருமானச் சான்றிதழோடு வங்கியில் விண்ணப்பியுங்கள், கிடைத்தால் அந்த ஆயிரம் மகளுக்கே.

பகுதி நேர வேலை பார்த்துக்கொள்வாள் என்று மட்டும் எந்தக் கணக்கும் போடாதீர்கள். முதல் செமஸ்டரிலேயே உடற்கூறியல், உடலியங்கியல், உளவியல், சமூகவியல், ஆங்கிலம், நர்சிங் அடிப்படை என்று வரிசையாக வரும். கூடவே வார்டு போஸ்டிங்கும், அதாவது மருத்துவமனை வார்டில் பயிற்சியும், தொடங்கிவிடும். தேர்வு எழுத 80% வருகை வேண்டும், வார்டு நாட்களை ஒன்று விடாமல் முடித்தால்தான் கடைசியில் பட்டம். அரியர் விழுந்தால் அதற்கும் ஃபீஸ்.

இனி அந்த லிஸ்ட். என் அக்கா மகள் நர்சிங் சேர்ந்தபோது மாமா மொத்த லிஸ்ட்டையும் ஒரே நாளில் வாங்கிவிட்டார். பட்டனை அழுத்தினால் அளவு காட்டும் டிஜிட்டல் பி.பி. கருவி, கடையிலேயே விலை கூடிய ஸ்டெத், மூன்று செட் யூனிஃபார்ம். கல்லூரிக்குப் போனால், யூனிஃபார்ம் துணி அவர்கள் சொல்லும் நிறத்தில், அவர்கள் சொல்லும் டெய்லரிடம். டிஜிட்டல் கருவியை ஆய்வகத்தில் சேர்த்துக்கொள்ளவே இல்லை, கையால் அமுக்கிக் காற்றடித்து, ஸ்டெத்தில் சத்தம் கேட்டுப் பார்க்கும் கருவிதான் வேண்டும் என்றார்கள். அந்த டிஜிட்டல் பெட்டி இன்று மாமாவுக்கே பி.பி. பார்க்கிறது.

அதனால் பொறுங்கள். வகுப்பு தொடங்கி இரண்டு வாரத்தில் எது தேவை என்று தெரிந்துவிடும், பல வகுப்புகளில் எல்லோருமாகச் சேர்ந்து மொத்தமாக வாங்குவார்கள், விலையும் குறையும். புத்தகம் சீனியர்களிடம் பாதி விலைக்குக் கிடைக்கும். 2021-22-இல் பாடத்திட்டம் செமஸ்டர் முறைக்கு மாறியது, அதற்கு முந்தைய பதிப்பை ஓசியில் கொடுத்தாலும் யோசித்து வாங்கச் சொல்லுங்கள். முட்டியில் தட்டிப் பார்க்கும் சுத்தியல், டியூனிங் ஃபோர்க் போன்றவை உடல் பரிசோதனைப் பாடத்துக்கு. அது இரண்டாம் செமஸ்டரில்தான். யூனிஃபார்மைத் தைக்க வெளியாளை அனுமதிக்கிறார்களா என்று கேட்டுவிடுங்கள், துணி மட்டும் வாங்கி வந்தால் தையல்கூலி உங்கள் மிஷினிலேயே மிச்சம்.

தள்ளிப் போடக்கூடாதது ஹெபடைடிஸ் பி தடுப்பூசி. மூன்று ஊசி: முதலாவது போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாவது மாதத்தில் மூன்றாவது. வார்டுக்குள் நுழையும் முன் இரண்டாவது முடிந்திருக்க வேண்டுமானால் முதல் ஊசி இந்த வாரமே. கூடவே நொடிமுள் உள்ள சாதாரணக் கைக்கடிகாரம் ஒன்று. ஸ்மார்ட் வாட்ச் கேட்டு அடம் பிடித்தால், நாடித்துடிப்பு எண்ணுவதற்கு மேடம் பார்ப்பது நொடிமுள்ளைத்தான் என்று சொல்லுங்கள்.